பயிற்சி செய்தல்: ஆங்கிலத் திறன் தேர்வு குறித்துச் சில குறிப்புகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் திருவாலங்காட்டில் ஏழெட்டுக் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் நண்பர்கள் இரண்டு விதமாகக் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர் தமிழ்வழிக் கல்விக்காகப் பல வருஷம் அலைந்தவர். ‘1999ல தமிழறிஞர்கள் உண்ணாவிரதம் உக்காந்தப்ப நீயும்தானே பந்தலுக்கு வந்தே? இப்ப வெள்ளைக்காரன் பரீட்சைக்கு ஆள் தயார் பண்றியா?’ என்றார். இன்னொருவர் தலித் இயக்கத் தோழர். அவருடைய கோபம் நேர் எதிரானது. ‘ஏழெட்டுப் பேருக்குத்தானா? அதுவும் இப்பத்தானா? உங்க ஆளுங்க புள்ளைங்கள்லாம் கான்வென்டுல படிச்சிட்டு அமெரிக்கா போன பிறகு எங்க புள்ளைங்களுக்கு ஞாயித்துக்கிழமை டியூஷனா?’ என்றார்.

இரண்டு கோபத்திலும் நியாயம் இருக்கிறது. தாய்மொழிவழிக் கல்விக்காக 1999ல் போடப்பட்ட அரசாணையை 2000ல் உயர்நீதிமன்றம் ரத்து செய்தபோது முதல் நண்பர் உடைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாமவர் பக்கம் பெரியார் இருக்கிறார். வீட்டிலும் ஆங்கிலத்தில் பேசிப் பழகு என்று சொன்னவர் அவர். உத்தரப்பிரதேசத்தின் பங்கா கிராமத்தில் 2010ல் ஆங்கிலத்தை ஒரு தேவியாக்கிக் கோயில் எழுப்பத் தொடங்கிய சந்திரபான் பிரசாத்தும் இருக்கிறார். ஆனால் இருவருமே அந்தத் தேர்வில் என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்கவில்லை. ஆங்கில மோகம், ஆங்கில ஆதிக்கம், ஆங்கிலமே விடுதலை என்றெல்லாம் நாம் நிறையப் பேசியாகிவிட்டது. ஒருத்தி கணிப்பொறி முன்னால் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதில் சொல்கிற அந்தச் சில நிமிஷங்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. அதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு வித்தியாசம். நமக்குப் பழக்கமான பரீட்சை பாடப் பரீட்சை. புத்தகம் கையில் இருக்கிறது, அதிலிருந்து கேட்பார்கள், படித்ததை எழுதினால் மார்க். கல்லூரியில் பகுதி இரண்டு ஆங்கிலம் என்பது இதுதான். இந்தப் பரீட்சையை நம் பிள்ளைகள் எப்படித் தாண்டுகிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். ‘இந்தக் கவிஞர் உலகப் புகழ் பெற்றவர், இவருடைய சொற்கள் எளிமையானவை, இக்கவிதை நமக்கு ஒரு நல்ல செய்தியைத் தருகிறது’ என்று ஒரே ஒரு பத்தியை ஆங்கிலத்தில் உருப்போட்டுவிடுவது. கவிஞர் பெயரையும் தலைப்பையும் மட்டும் மாற்றிக்கொண்டால் ஷேக்ஸ்பியரிலிருந்து தாகூர்வரை எல்லோருக்கும் பொருந்தும். இதைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்நியமான ஒரு பிரதியை அதன் உள்ளே போகாமலேயே கடந்துபோக ஒரு தலைமுறை கண்டுபிடித்த தந்திரம் அது. நூற்றுக்கணக்கான முறை திருத்தும் ஆசிரியரும் அதை அறிவார். அறிந்தேதான் நாற்பது போடுகிறார். ஒருவிதமான ரகசிய ஒப்பந்தம்.

திறன் தேர்வு இந்த ஒப்பந்தத்தை முறிக்கிறது. அதற்குப் பாடநூல் கிடையாது. நீ எங்கே படித்தாய், எதைப் படித்தாய் என்பது அதற்கு வேண்டாம். இந்த மொழியைக் கொண்டு இப்போது உன்னால் என்ன செய்ய முடியும் என்பதுதான் கேள்வி. 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியாகக் கலை அறிவியல் கல்லூரிகளுக்குள் கேம்பிரிட்ஜ் நிறுவனத்தின் ஆங்கிலப் பாடமும், ‘லிங்குவாஸ்கில்’ என்ற அதன் திறன் தேர்வும் வந்தன. பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்டது: ‘பாஸ் மார்க் எவ்ளோ சார்? முப்பத்தஞ்சா, நாப்பதா?’ பாஸ் மார்க்கே இல்லை என்று சொன்னபோது நம்பவில்லை. பாஸும் இல்லை, பெயிலும் இல்லை, அரியரும் இல்லை என்றால் அப்புறம் அது என்ன பரீட்சை?

இந்த வகைத் தேர்வுகளில் வாசிப்பும் கேட்டலும் சோதிக்கப்படும் விதத்தை இங்கே சொல்லவேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் இல்லை. நீ சரியாகப் பதில் சொன்னால் கணிப்பொறி அடுத்த கேள்வியைக் கடினமாக்கும். தப்பாகச் சொன்னால் சுலபமாக்கும். இப்படி ஏற்றியும் இறக்கியும், எந்த மட்டத்தில் பாதி சரியும் பாதி தப்புமாகத் தடுமாறுகிறாயோ அதுதான் உன் மட்டம் என்று முடிவு செய்யும். ஆகவே கெட்டிக்காரிக்குத்தான் கடைசிவரை மூச்சு வாங்கும். எங்கள் குழுவில் நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி, இப்படி அமைந்த ஒரு பயிற்சித் தேர்வை முடித்துவிட்டு வெளியே வந்து அழுதாள். ‘போகப் போக ஒண்ணுமே புரியல சார். நான் அவுட்டு.’ அவளுக்குத்தான் அன்றைக்கு இருந்தவர்களில் அதிக மட்டம் வந்தது. ‘ஈஸியா இருந்துச்சு சார்’ என்று சிரித்துக்கொண்டு வந்த பையனுக்குக் கீழ் மட்டம். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் ‘சுலபமாக இருந்தது’ என்றால் ‘நன்றாக எழுதினேன்’ என்று பொருள்கொண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே இரண்டு ஞாயிறு ஆயிற்று. விளக்கிய பிறகுதான் அவள் அழுகை நின்றது. யாராவது இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பரீட்சை என்பது பார்வையையும் தீர்ப்பையும் ஒன்றாக்கி, ஒவ்வொரு ஆளையும் பதிவேட்டில் ஏறிய ஒரு ‘கேஸ்’ ஆக மாற்றுகிறது என்று ஃபூக்கோ 1975ல் எழுதினார். பாடப் பரீட்சையில் நீ பாஸானவர் கூட்டத்திலோ பெயிலானவர் கூட்டத்திலோ ஒருத்தி, கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். இந்தத் தேர்வு கேள்வித்தாளையே உன் உடம்புக்கு அளவெடுத்துத் தைக்கிறது. ஒளிய இடம் இல்லை.

‘திறன்’ என்ற இந்தச் சொல்லின் கேம்பிரிட்ஜ் வரலாறும் சுவாரஸ்யமானது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்காக அங்கே முதல் திறன் தேர்வு 1913ல் நடந்தது. எழுதியவர்கள் மூன்றே பேர். பன்னிரண்டு மணி நேரம். மூன்று பேருமே தேறவில்லை. அதே 1913ன் தொடக்கத்தில்தான் சென்னைத் துறைமுகக் கழகத்துக் குமாஸ்தா ஒருவர் கேம்பிரிட்ஜுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். அந்தக் குமாஸ்தா, ராமானுஜன், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்று உதவித்தொகையை இழந்தவர். பிறகு பச்சையப்பனில் சேர்ந்தும் எஃப்.ஏ.யைத் தாண்ட முடியாதவர். ஆங்கிலத்தில் தோற்றால் கணக்கும் கிடையாது என்பது அன்றைய ஏற்பாடு. கென்யாவில் தன் காலத்திலும் இதே விதிதான் இருந்தது என்று கூகி வா தியாங்கோ 1986ல் எழுதியிருக்கிறார்: மற்றப் பாடங்களில் எவ்வளவு வாங்கினாலும் ஆங்கிலம் போனால் எல்லாம் போச்சு. (ராமானுஜனை மேதை என்பதால் நினைவு வைத்திருக்கிறோம். அதே தாளில் தோற்று, மேதையாக இல்லாமல், ஊர் திரும்பிக் கணக்குப்பிள்ளையானவர்களின் பட்டியல் எங்கும் இல்லை.)

இப்போது அந்த அளவுகோலுக்கு வருவோம். இந்தத் தேர்வுகள் தருகிற ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்ற ஆறு படிகள் ஐரோப்பியக் கவுன்சில் 2001ல் வெளியிட்ட சட்டகத்திலிருந்து வருபவை. அதன் வேர் 1975ல் அதே அமைப்புக்காகத் தயாரான ‘வாசல் மட்டம்’ என்ற வரையறையில் இருக்கிறது. ஐரோப்பாவுக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிற வயதுவந்த ஆளை மனதில் வைத்துச் செய்தது. ஹோட்டலில் அறை கேட்கவேண்டும், வழி கேட்கவேண்டும், புதிதாகச் சந்தித்தவரிடம் தன்னைப் பற்றிச் சொல்லவேண்டும். பி1 என்ற படியின் விவரிப்பை எடுத்துப் பாருங்கள்: பயணத்தில் வரக்கூடிய பெரும்பாலான சூழ்நிலைகளைச் சமாளிப்பது, தன் அனுபவங்களையும் கனவுகளையும் ஆசைகளையும் விவரிப்பது, தன் கருத்துக்குக் காரணம் சொல்வது. இதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் இது மொழியை மட்டும் அளக்கிற கோல் அன்று. பயணம் போகிற, பொழுதுபோக்கு வைத்திருக்கிற, எதைப் பற்றியும் ஒரு கருத்து வைத்திருந்து அதைக் கேட்பவரிடம் தயங்காமல் சொல்கிற ஒரு தன்னிலையை அது எதிர்பார்க்கிறது.

எங்கள் பயிற்சி முட்டிக்கொண்டு நின்ற இடம் இதுதான். இலக்கணத்தில் இல்லை.

‘வாட் ஆர் யுவர் ஹாபீஸ்?’ என்ற கேள்வியைப் பயிற்சித் தாளில் பார்த்தோம். எல்லோரும் ஒரே குரலில் ‘ரீடிங் புக்ஸ், கார்டனிங், லிஸனிங் டு மியூசிக்’ என்றார்கள். நோட்ஸில் இருப்பது. தோட்டம் யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டேன். சிரிப்பு. காலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, லோக்கலைப் பிடித்துக் கல்லூரி போய், சாயங்காலம் வந்து தம்பியைப் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை ஒரு துணிக்கடையில் நின்று சம்பாதிக்கிற பெண்ணுக்கு ஹாபி என்றால் என்ன? அவளுக்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் இல்லை. சொல் சுட்டுகிற பொருள் அவள் நாளில் இல்லை. யோசித்துவிட்டுச் சொன்னாள்: ‘டிரெயின்ல ஜன்னல் ஸீட்டு கெடச்சா சும்மா வெளிய பாப்பேன் சார். அது ஹாபியா?’ ஹாபிதான் என்றேன். அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். நான்கு வாக்கியம் தடுமாறாமல் வந்தது. தோட்டத்தைப் பற்றி அவளால் இரண்டு வாக்கியத்துக்குமேல் போக முடிந்ததில்லை.

அடுத்தது இன்னும் கடினம். ‘உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்.’ மாதிரிப் பதில்களில் ஊர் எப்போதும் பசுமையானது, அமைதியானது, மக்கள் அன்பானவர்கள். ஒரு பையன் கோயிலைப் பற்றிச் சொன்னான்: இரத்தின சபை, ஐந்து சபைகளில் ஒன்று. இன்னொருவன் சர்க்கரை ஆலையைச் சொன்னான். அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய அப்பா அந்த ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகிறவர், வீடு காலனியில். ‘ஊரு’ என்று தமிழில் சொன்னாலே அவள் இருக்குமிடம் அதற்குள் வராது என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ‘மை வில்லேஜ்’ என்று தொடங்கினால் அந்தக் கோடு அழிந்துவிடுகிறது. ஊரும் காலனியும் ஒரே சொல்லுக்குள் போய்விடுகின்றன. இது விடுதலையா, மறைப்பா? என் தலித் தோழர் விடுதலை என்பார். அவள் சொன்னது வேறு: ‘கோயிலச் சொன்னா பொய் சொல்ற மாதிரி கீது. எங்க தெருவச் சொன்னா பரிதாபம் தேடுற மாதிரி கீது. இன்னா சார் சொல்றது?’ என்னிடம் பதில் இல்லை. எந்த மதிப்பீட்டு அட்டவணையிலும் இந்தத் தயக்கத்துக்கு இடம் கிடையாது. பேச்சில் விழுந்த இடைவெளி, சரளக் குறைவு என்றுதான் அது பதிவாகும்.

அன்றைக்குக் காளி கதையை எடுத்ததும் அவள்தான். இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த கதை. சிவனும் காளியும் போட்டி போட்டு ஆடினார்கள். அவள் எதிலும் குறையவில்லை. கடைசியில் அவர் ஒரு காலைத் தலைக்குமேல் தூக்கி ஆடினார். பெண் என்பதால் அவளால் அதைச் செய்ய முடியவில்லை. தோற்றாள் என்று தீர்ப்பு. ‘ஆடத் தெரியாம தோக்கல சார். அந்த அயிட்டம் வெச்சதுனால தோத்தா’ என்றாள். சோதனை வடிவத்துக்குள் யாருடைய உடல் இயல்பானதாக முன்வைக்கப்படுகிறது என்று நான் பத்துப் பக்கம் எழுதினாலும் இதைவிடத் தெளிவாக வராது.

ஒலிக்கு வருகிறேன். விவிலியத்தில் நியாயாதிபதிகள் ஆகமத்தில் யோர்தான் துறையில் நின்று ‘ஷிபோலேத்’ சொல்லச் சொல்கிறார்கள். ‘ஷ’ வராமல் ‘சிபோலேத்’ என்றவர்களை வெட்டுகிறார்கள். நாற்பத்திரண்டாயிரம் பேர் என்கிறது அந்த நூல். மொழித் தேர்வுக்கு நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய கதைகளில் ஒன்று. புராணம் என்று ஒதுக்கவேண்டாம். 1983 ஜூலையில் கொழும்பில் வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லவைத்து, அதன் முதல் எழுத்தின் ஒலிப்பைக் கொண்டு தமிழர்களைப் பிரித்தெடுத்தார்கள். தமிழ் எழுத்து அழுத்திச் சொல்கிற ‘ப’வையும் அதிர்ந்து வருகிற ‘ப’வையும் பிரித்துக் காட்டுவதில்லை, அந்த இடைவெளியில் உயிர் போயிற்று. கணிப்பொறி யாரையும் வெட்டப்போவதில்லை. ஆனாலும் ‘இஸ்கூல்’ என்று ஒருவன் சொல்லும்போது வகுப்பில் எழுகிற சிரிப்புக்கும் அந்தத் துறைக்கும் தூரத்து உறவு உண்டு. நாங்கள் பயிற்சியில் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: கேட்கிறவருக்கு அர்த்தம் புரியாமல் போகிற ஒலியை மட்டும் திருத்துவது. ‘பேக்’கும் ‘பேக்’கும் (பையும் முதுகும்) குழம்பினால் திருத்துவோம். ‘இஸ்கூல்’ இருந்துவிட்டுப் போகட்டும். திருத்தணிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு வீட்டில் தெலுங்கு. 1960 ஏப்ரல்வரை இந்தத் தாலுகா ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அவர்களுக்குச் சில அதிர்வொலிகள் எங்களைவிடச் சுலபமாக வந்தன. முதல் தடவையாக வீட்டுத் தெலுங்கு ஒரு சொத்தாகத் தெரிந்தது அவர்களுக்கு.

இவ்வளவும் எதற்கு? காக்களூர் தொழிற்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் திருப்பெரும்புதூருக்கும் போனால் எந்திரத்தின் பக்கத்தில் நடக்கிற பேச்சு தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா. ஆங்கிலம் பெரும்பாலும் கேட்டில்தான். உள்ளே விடுவதற்கு முன் ‘டெல் மி அபௌட் யுவர்செல்ஃப்’. மொழிக்கு ஒரு சந்தை உண்டு, அங்கே மொழியின் விலையைப் பேச்சின் பயன் தீர்மானிப்பதில்லை என்று பூர்தியு சொன்னதைக் கும்மிடிப்பூண்டி கேட்டில் நின்று பார்த்தால் சட்டென்று புரியும். வேலைக்குத் தேவைப்படாத மொழி வேலைக்குள் நுழையத் தேவைப்படுகிறது. இதை மாற்றவேண்டும் என்பதில் எனக்கும் தமிழ்வழி நண்பருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. மாறும்வரை கேட்டுக்கு வெளியே நிற்கப்போவது யார் என்பதில்தான்.

பயிற்சி பற்றி உருப்படியாக ஒன்று சொல்லவேண்டும். நம் மாநிலம் இதில் அனுபவம் இல்லாதது அன்று. 1959ல் சென்னை மாநிலத்தில் இருபத்தேழாயிரம் ஆரம்ப வகுப்பு ஆங்கில ஆசிரியர்களைப் புதிய முறைக்குப் பழக்கும் இயக்கம் தொடங்கியது. சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மற்றவர்களுக்குக் கொடுத்து, உருண்டு பெரிதாகும் பனிப்பந்து போல. ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று பெயர். பனியே பெய்யாத ஊரில். வாக்கிய அமைப்புகளைத் தரம்பிரித்து, திருப்பித் திருப்பிச் சொல்லவைக்கும் முறை அது. பிள்ளைகள் வகுப்பில் வாக்கியத்தைப் பிழையில்லாமல் சொன்னார்கள். வெளியே வந்ததும் பேச வரவில்லை. இந்தச் சலிப்பிலிருந்து என்.எஸ். பிரபு 1979 முதல் 1984வரை பெங்களூரிலும் சென்னையிலுமாகச் சில பள்ளிகளில் வேறொன்றைச் சோதித்துப் பார்த்தார். மனம் அர்த்தத்தில் ஈடுபட்டிருக்கும்போதுதான் இலக்கணம் தன்னால் படிகிறது என்பது அவர் துணிபு. ஆகவே வகுப்பில் இலக்கணம் நடத்தாமல் வரைபடம், ரயில் கால அட்டவணை இவற்றைக் கொடுத்துக் கணக்குப் போட வைத்தார். உலகெங்கும் இன்றைக்குச் ‘செயல்வழி’ மொழிக் கல்வி என்று பேசுகிறவர்கள் தவறாமல் சொல்கிற பெயர் பிரபு. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாங்கள் அரக்கோணம் லோக்கலின் கால அட்டவணையை எடுத்துக்கொண்டோம். மணவூரில் ஒருத்தி ஏறுகிறாள், மோசூரில் ஒருவன், திருவள்ளூரோடு நின்றுவிடுகிற வண்டி எது, யார் யாருக்காகக் காத்திருக்கவேண்டும், நேர்முகத்துக்கு ஒன்பது மணிக்கு ஆவடியில் இருக்க எதைப் பிடிக்கவேண்டும். சண்டையை ஆங்கிலத்தில்தான் போடவேண்டும் என்பது ஒரே நிபந்தனை. இலக்கணம் உடைந்துகொண்டே இருந்தது, பேச்சு நிற்கவில்லை. ‘நோ சார், தட் டிரெயின் டோன்ட் ஸ்டாப்பிங்!’ என்று அவள் மேஜையைத் தட்டினாள். வினைச்சொல்லைப் பிறகு பார்த்துக்கொண்டோம். மாதிரிப் பதில்களை உருப்போடுவதை நான் தடுக்கவில்லை. ‘இன் மை ஒப்பீனியன்’ என்று தொடங்கும் ஒன்றிரண்டு சட்டகங்கள் பதற்றத்தில் கைகொடுக்கும். தேர்வு நடைமுறையையும் முன்கூட்டியே காட்டினேன். யோசிக்க எத்தனை வினாடி, பதிவு எப்போது தொடங்கும், குரல் எட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம். நகரத்துப் பிள்ளைக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும். இதைச் சொல்லித்தருவதை ‘தந்திரம்’ என்று ஒதுக்குகிறவர்கள், தெரியாமலிருப்பதால் விழுகிற மட்டத்துக்கும் மொழிக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லட்டும்.

தமிழ்வழி நண்பரோடு இன்னும் முடியவில்லை. அவர் சென்றமுறை வந்தபோது திருவாலங்காட்டுச் செப்பேடுகளைப் பற்றிப் பேசினோம். 1905ல் கிடைத்தவை, 31 ஏடுகள், முதலாம் ராஜேந்திரன் காலத்தவை. குலப்பெருமையும் வெற்றிகளும் சமஸ்கிருதத்தில். கோயிலுக்குக் கொடுத்த பழையனூரின் எல்லைகளும் வரிகளும் தமிழில். ‘பாத்தியா, நிலம்னு வந்தா தமிழ்தான்’ என்றார் அவர். அந்த எல்லைக்குள் உழுதவர்கள் எந்தப் பகுதியை வாசித்திருக்க முடியும் என்று அந்தப் பெண் கேட்டாள். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டல் பயிற்சிக்கு அவரே பத்தியை வாசித்துக் காட்டினார். உச்சரிப்பு நன்றாக இருந்தது, கான்வென்டில் படித்தவர்.

அவளுக்குக் கடைசியில் பி1 வந்தது. ஊரைப் பற்றி என்னதான் சொன்னாய் என்று கேட்டேன். பல வாரம் யோசித்து, தெருவும் கோயிலும் கரும்பு லாரியும் வருகிற மாதிரி ஒரு பதிலை அவள் தனக்காகத் தயார் செய்து வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

‘அந்தக் கேள்வியே வர்ல சார்,’ என்றாள். ‘ஷாப்பிங் மால் நல்லதா கெட்டதான்னு கேட்டான்.’